பரணில் கிடந்த வாள்

பாளையம்பட்டியிலிருந்து கிழக்கே, கரிசல் காட்டையும் சீமைக்கருவேலத்தையும் தாண்டிப் போனால் ராமநாதபுரம். 1985 வரை பாளையம்பட்டியும் அந்த மாவட்டம்தான். அங்கே சேதுபதிகளின் ராமலிங்க விலாசம் அரண்மனை, இப்போது தொல்லியல் துறை அருங்காட்சியகம். உள்ளே வாளும் வளரியும் காட்சிக்கு இருக்கின்றன.

1801-ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கும்பினியார், அதோடு விடவில்லை. ஆயுதம் வைத்திருக்கவே தடை போட்டார்கள். அதனால், தப்பிப் பிழைத்த ஒவ்வொரு வாளும் ஒரு சாட்சி.

வீட்டுப் பரணில் அப்படியொன்று கிடைத்தால், உடனே உப்புத்தாளோடு உட்கார்ந்துவிடாதீர்கள். துருவோடு எழுத்தும், எஃகின் ரேகையும் சேர்ந்தே போய்விடும். பிடியை நெருப்பில் காட்டாதீர்கள். உள்ளே இறுக்கியிருக்கும் அரக்கு இளகிவிடும். ஜப்பானியர், பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதித் துருவைத் தொடவே மாட்டார்கள். வாளின் வயதை அதுதான் சொல்லும்!

துணியில் துளி எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். மற்றதை அருங்காட்சியகத்தாரிடம் கேளுங்கள்.