பாட்டு வருது, வெடி வரல

சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ காலமானார் என்று 2023 ஜனவரியில் ஒரு செய்தி வந்தது. 1981இல் பேர்ல்ஸ் சென்டர் கட்டடத்தில் கணினி பழுதுபார்க்கும் சின்னக் கடையாக 'கிரியேட்டிவ்' நிறுவனத்தைத் தொடங்கியவர். 1989இல் அந்தக் கடை கொடுத்த 'சவுண்ட் பிளாஸ்டர்' அட்டைதான், அதுவரை பெரும்பாலும் 'பீப்' என்று மட்டும் கத்தத் தெரிந்த கணினிகளைப் பாடவும் பேசவும் வைத்தது.

செய்தியைப் படித்த நண்பர் ஒருவர் அன்றிரவே பரணிலிருந்து தன் அண்ணனின் கணினியை இறக்கிவிட்டார். 1996இல் வாங்கிய பென்டியம், உள்ளே அந்த அட்டை. அண்ணன் இறந்து அப்போது பதினோரு வருடமாகியிருந்தது. ராத்திரி ராத்திரியாக அவர் 'டூம்' என்ற துப்பாக்கி விளையாட்டு ஆடிய பெட்டி அது. இயக்கினால் பின்னணி இசை சுத்தமாக வருகிறது. துப்பாக்கியைச் சுட்டால் மட்டும் ஒரு துணுக்குச் சத்தம் மாட்டிக்கொண்டு விக்குகிறது. டிரைவர்தான் கோளாறு என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மூன்று முறை டிரைவரை மாற்றிப் போட்டும் விக்கல் நிற்கவில்லை. அதன் பிறகுதான் என்னையும் கூட்டிக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனார்.

மீரான் சாகிப் தெருப் பக்கம் ஒரு மாடிப்படி. கீழே முழுக்க மொபைல் உறை, கண்காணிப்பு கேமரா. மேலே பத்துக்குப் பத்து அறையில் மெக்கானிக் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. பெட்டியைத் திறக்கவே இல்லை. ஒலிபெருக்கியை மாட்டி, விளையாட்டை ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"பாட்டு வருது, வெடி வரல. அப்ப கார்டு நல்லாருக்கு சார். டிரைவரும் நல்லாருக்கு. கார்டு கூப்புடுறது யாருக்கும் கேக்கல, அவ்ளோதான்."

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். இசையை அந்த அட்டையில் உள்ள யமஹா சில்லு தானே உருவாக்கிக்கொள்கிறது. இன்ன சுரம் என்று சொன்னால் போதும். வெடிச்சத்தம் அப்படியல்ல, அது பதிவுசெய்த ஒலி. நினைவகத்திலிருந்து டி.எம்.ஏ. வழியாக வாளி வாளியாக அட்டைக்குப் போகிறது. ஒரு வாளி தீர்ந்ததும் அட்டை ஒரு மணி அடிக்கும். அந்த மணியின் கம்பிதான் ஐ.ஆர்.க்யூ. மணி அடித்தும் மையச் செயலிக்குக் கேட்காவிட்டால் அடுத்த வாளி நிரம்பாது, பழைய வாளியே மறுபடி மறுபடி காலியாகும். விக்கல் அதுதான்.

இந்தக் காது எங்கிருந்து வந்தது? பதினைந்து வயதில் திண்டிவனம் பக்கம் மைக் செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். கூம்பு ஒலிபெருக்கி கரகரத்தால் கம்பியா, ஆம்ப்ளிஃபயரா, ஊசியா என்று பந்தலுக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவாராம். 1993இல் ரிச்சி தெருவுக்கு ஆம்ப்ளிஃபயர் சால்டர் செய்ய வந்தார். சவுண்ட் கார்டு, சிடி டிரைவ், இரண்டு ஸ்பீக்கர் சேர்த்து 'மல்டிமீடியா கிட்' என்று விற்ற காலம். மாட்டத் தெரிந்த ஆள் குறைவு. இவர் மாட்டினார், எழுதியும் வைத்தார்.

அப்படி எழுதிவைத்த நீள நோட்டைப் பற்றித்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன். மளிகைக் கணக்குக்கு வாங்கும் நோட்டு, மூன்று சேர்த்துத் தைத்தது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு அட்டையின் எண், பேனாவால் வரைந்த படம், ஜம்பர் மூடி எந்தெந்தக் காலில் இருக்க வேண்டும் என்ற குறி. கீழே ஆட்டோஎக்ஸெக் கோப்பில் அடிக்க வேண்டிய வரி: ஏ220, ஐ5, டி1. ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: "பிரிண்டர் ஓடும்போது பாட்டு விக்குது. 7லிருந்து 5க்கு மாத்து." பிரிண்டருக்கு வழக்கமான கம்பி 7. பழைய சவுண்ட் பிளாஸ்டர்களும் அதே 7இல்தான் வரும். எந்தக் கையேட்டையும் பார்க்காமல், வந்து நின்ற ஒவ்வொரு கோளாறிலிருந்தும் அவர் சேர்த்த அறிவு அது.

இதற்கு என்ன கிடைக்கிறது? மாதத்துக்கு இரண்டு, மூன்று பேர் வந்தால் பெரிது. அவர் ஓடவைத்த அட்டைகளைத் தரகர்கள் எடைக்கு மேல் கொஞ்சம் கொடுத்து வாங்கிப் போகிறார்கள். 'சோதித்துப் பார்த்தது, நன்றாக ஓடும்' என்று இணையத்தில் போட்டுப் பல மடங்குக்கு விற்கிறார்கள். சோதித்தது யார்? நகத்தால் ஜம்பரைப் பிடுங்கி, பென்சில் ரப்பரால் அட்டையின் விளிம்பைத் தேய்த்துத் தேய்த்துத் துலக்கியது யார்? அந்தப் பெயர் எங்கேயும் வராது. அவர் கைக்கு வராத அட்டைகளின் கதி இன்னும் மோசம். விளிம்பில் பூசிய துளித் தங்கத்துக்காக அவற்றைக் கத்தரித்து அமிலத்தில் போடுகிறார்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பதும் கூலிக்காரர்தான். மின்கழிவுக்கு 2012 முதல் இந்த நாட்டில் விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. இருந்தும் எடைக்கு எடுப்பவனிடமே முதலில் போய்ச் சேர்கிறது எல்லாம். எனக்கு ஆறவில்லை. மெக்கானிக் என் பேச்சைக் கேட்டுக்கொண்டே மேசை டிராயரில் எதையோ தேடினார்.

எடுத்தது ஒரு காசு பேட்டரி. கணினி தொடங்கும்போதே தேதி தப்பாக வந்ததை அவர் கவனித்திருக்கிறார். தாய்ப்பலகையின் பேட்டரி தீர்ந்து, கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸில் நண்பரின் அண்ணன் என்றோ செய்துவைத்த அமைப்பெல்லாம் அழிந்துபோயிருந்தது. இந்த சவுண்ட் கார்டு ஜம்பரில் எண் குறிக்கும் பழைய அட்டை. 5ஆம் கம்பி தன்னுடையது என்று பயாஸிடம் சொல்ல அதற்கு வாய் இல்லை. கம்பி சும்மா கிடக்கிறது என்று பயாஸ் அதைப் பக்கத்திலிருந்த நெட்வொர்க் கார்டுக்குக் கொடுத்துவிட்டது. இனி எந்த டிரைவரைப் போட்டு என்ன?

பேட்டரியை மாற்றி, பயாஸுக்குள் போய், 5க்கு நேரே 'லெகசி ஐஎஸ்ஏ' என்று வைத்துச் சேமித்தார். நடுவில் வேறு சில திரைகளும் வந்து போயின, அவை எனக்குப் பிடிபடவில்லை. நண்பர் விசைப்பலகை முன் உட்கார்ந்தார். வெடி முழுசாக வெடித்து அடங்கியது. இன்னொரு முறை சுட்டார். பிறகு சுடவில்லை, இசையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார். அட்டை எண், தேதி. "லேன் கார்டு 5ஐ எடுத்துடுச்சு. பேட்டரி." பேனாவை நிறுத்தி, "யார் பேரு போட தம்பி?" என்றார்.

நண்பர் தன் அண்ணன் பெயரைச் சொன்னார்.