முப்பது நாளும் பதினைந்தாயிரம் ரூபாவும்

போன வருடம் நடந்தது இது. சம்பந்தப்பட்ட பிள்ளை இப்போது வேறு பாடசாலைக்குப் போய்விட்டதால் எழுதுகிறோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம்.

ஏழாம் ஆண்டுப் பிள்ளை ஒரு கிழமையாக வரவில்லை. விசாரித்தால், தகப்பன் பதுளைச் சிறையில். கசிப்புப் போத்தலோடு பிடிபட்டிருக்கிறார். 15,000 ரூபா தண்டப்பணம், கட்டத் தவறினால் ஒரு மாதம் சிறை. கையில் காசில்லை, உள்ளே போய்விட்டார். தவணை முறையில் கட்ட அனுமதி கேட்கலாம் என்று அந்த மனிதருக்கு யாரும் சொல்லவில்லை. சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. சிறைக்குப் பதிலாகச் சமுதாய வேலை கொடுக்க 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. இருந்தும் இந்த நாட்டில் தண்டப்பணம் கட்ட வழியில்லாமலே சிறைக்குப் போகிறவர்கள் ஏராளம்.

நாங்கள் மூன்று ஆசிரியர்கள் காசு சேர்க்கத் தொடங்கினோம். முதலில் எங்களுக்குள்ளேயே பிரச்சினை. "கசிப்புக் கேஸுக்கா ஸதக்கா காசு?" என்று ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பட்டினி கிடப்பது பிள்ளை.

பத்தாம் நாள் லயத்துக்குப் போனோம். அந்த அம்மா ஒரு கணக்குச் சொன்னார்: "இன்னும் இருபது நாள்தானே சேர், இருந்துட்டு வரட்டும். அந்தக் காசைக் கடைக் கடனுக்குக் குடுத்தீங்கன்னா அரிசி தருவாங்க."

நாங்கள் பதில் பேச முடியாமல் நின்றோம். உள்ளே இருக்கும் நாட்களுக்கு ஏற்பத் தண்டப்பணம் கழிந்துகொண்டே போகும். இவர் விஷயத்தில் நாளொன்றுக்கு 500 ரூபா. மிச்சம் 10,000. வெளியே நாட்சம்பளம் 1,350 ரூபா என்று 2024ஆம் ஆண்டு வர்த்தமானி சொன்னது. ஆனால் கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர், வேலையில்லாத நாளில் அதுவும் இல்லை. சிறைக்குள் வேலை செய்கிறவர்களுக்குக் கிடைப்பதோ வீட்டுக்கு அனுப்பக் காணாத சொற்பக் காசு. அந்த மனிதர் பத்து நாளில் வீட்டுக்கு உழைத்தது என்ன என்று பார்த்தால், பூச்சியம்.

மலையகத்தில் கடனும் சிறையும் பழைய சொந்தக்காரர்கள். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, முன்னறிவித்தல் இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போகும் தொழிலாளியைச் சிறையில் போடலாம், அவனுக்கு வரவேண்டிய சம்பளத்தையும் பறிக்கலாம். வேறு தோட்டத்துக்குப் போக 'துண்டு' வேண்டும். அதில் கடன் தொகை எழுதியிருக்கும், அதைக் கட்டுகிற தோட்டம் ஆளை எடுத்துக்கொள்ளும். 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது. வரலாற்றுப் பாடத்தில் இதை ஒரு வசனத்தில் கடந்துவிடுகிறோம். (பரீட்சைக்கு வராது என்று பிள்ளைகளுக்கும் தெரியும்.)

கடைசியில் அந்த அம்மாவிடமே கேட்டோம், அவர் வீட்டில் இருப்பது உங்களுக்கு நல்லதா, இல்லாததா என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "குடிச்சா சத்தம்தான் சேர், கைநீட்ட மாட்டாரு. சின்னவன் ராவுல கேட்டு அழுவுறான்" என்றார்.

தண்டப்பணத்தைக் கட்டினோம். கடைக்கும் 3,000 கொடுத்தோம். ஸதக்காவைப் பற்றிக் கேட்ட ஆசிரியர்தான் கூடுதலாகப் போட்டார், அதுவும் தன் சொந்தக் காசில்.

அவர் வெளியே வந்து சம்பள நாளில் 500 ரூபாவோடு பாடசாலை வாசலில் நின்றார். வேண்டாம் என்றோம், கேட்கவில்லை. நான்கு மாதம் கொடுத்தார், பிறகு நின்றுவிட்டது. நாங்களும் கேட்கவில்லை. குடியை விட்டாரா என்றால், இல்லை.

பிள்ளை வந்த அன்று வரவுப் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டியிருந்தது. 'சுகவீனம்' என்று எழுதினோம்.