நாலாவது இடத்தில் ராக்கம்மா

செஞ்சி கூட்டு ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருக்கும் நாற்பது வயதுக்காரர் எவரிடமாவது ராஜாவா, ரகுமானா என்று கேட்டுப் பாருங்கள். டீ ஆறிப்போகும் அளவுக்குப் பேச்சு வளரும். ராஜா கட்சிக்காரர் கடைசியில் எடுத்துப் போடும் துருப்புச் சீட்டு ஒன்று உண்டு. "பிபிசிக்காரனே உலகம் பூரா ஓட்டு எடுத்து, ராக்கம்மா கையத் தட்டுக்கு நாலாவது இடம் குடுத்தான். ரகுமான் பாட்டு ஒம்பதாவதுதான்." அதற்குமேல் எதிராளி பேசமாட்டார். டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

அந்த ஓட்டெடுப்பு நிஜம். 1932 டிசம்பரில் தொடங்கிய பிபிசி உலக சேவைக்கு 2002இல் எழுபது வயது நிறைந்தது. அதையொட்டி, உலகத்திலேயே சிறந்த பாட்டு எது என்று நேயர்களைக் கேட்டார்கள். சுமார் 7,000 பாட்டுகள் களத்தில் இருந்தன. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஓட்டு விழுந்தது. முடிவு டிசம்பரில் வந்தது. இவ்வளவும் எல்லோரும் சொல்வதுதான். நாலாவது இடத்துக்கு உயர்த்திய அந்த ஓட்டுகளை யார் போட்டார்கள் என்பதை மட்டும் யாரும் கேட்டதில்லை. எனக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. செஞ்சியில் நான் விசாரித்தவர்களில் ஒருவர்கூட ஓட்டுப் போடவில்லை.

தொண்ணூறுகளில் இங்கே பாட்டு ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவரைத் தேடிப் போனேன். இப்போது அதே இடத்தில் செல்போன் ரீசார்ஜும் ஜெராக்ஸும். பழைய கதையைக் கேட்டதும் கடையை மகனிடம் விட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார். நோட்டுத் தாளைக் கிழித்து, பிடித்த பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்தால், அறுபது நிமிட கேசட்டா, தொண்ணூறு நிமிட கேசட்டா என்று கேட்டு, இரண்டு நாளில் பதிந்து கொடுப்பார். ஏ பக்கம் ராஜா, பி பக்கம் ரகுமான் என்று கேட்டு வாங்கியவர்கள் ஏராளம் என்றார். சண்டையெல்லாம் டீக்கடையில்தான். கேசட்டுக்குள் இருவரும் முதுகோடு முதுகாக ஒட்டித்தான் இருந்தார்கள்.

"பிபிசி தமிழோசை கேப்பேன் தம்பி. ராத்திரி ஒம்பதே கால். நியூஸ் கேக்கத்தான். ஓட்டு கீட்டு எல்லாம் போட்டதில்ல. கம்ப்யூட்டரு எங்க இருந்துச்சு நம்மகிட்ட?"

கம்ப்யூட்டர் எங்கே இருந்தது என்று அவர் கேட்டதில்தான் எனக்கு முதல் துப்புக் கிடைத்தது. 2002இல் மின்னஞ்சலும் இணையமும் கையருகே வைத்திருந்த தமிழர்கள் எங்கே இருந்தார்கள்? சென்னையில் கொஞ்சம் பேர். மீதிப் பேர் டொரோண்டோ, லண்டன், பாரிஸ், சூரிச், சிங்கப்பூர், கோலாலம்பூர்.

முழுப் பட்டியலையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் இடம் அயர்லாந்தின் ஊல்ஃப் டோன்ஸ் குழு பாடிய 'எ நேஷன் ஒன்ஸ் அகெய்ன்'. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட விடுதலைப் பாட்டு. மின்னஞ்சலில் ஆள் சேர்த்து அதை மேலே ஏற்றினார்கள் என்பது அப்போதே செய்தியாக வந்தது. இரண்டாவது, 1952இல் வந்த 'ஆனந்த் மட்' படத்தின் வந்தே மாதரம். மூன்றாவது, பாகிஸ்தானின் வைட்டல் சைன்ஸ் குழு பாடிய 'தில் தில் பாகிஸ்தான்'. நாலாவது நம் ராக்கம்மா. ஐந்தாவதைப் பிறகு சொல்கிறேன். ஆறாவது இராக்கின் காதிம் அல் சாஹிர், ஏழாவது நேபாளத்தின் அருண் தாபா, எட்டாவது ஷெர், ஒன்பதாவது ரகுமானின் 'சைய்ய சைய்யா', பத்தாவது குயீன் குழுவின் 'பொஹிமியன் ராப்சடி'.

இங்கிலாந்துக்காரர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்துத் திகைத்திருப்பார்கள். 1995 ஆகஸ்டில் ப்ளர், ஒயாசிஸ் என்ற இரண்டு ராக் குழுக்கள் ஒரே நாளில் தனித்தனியே பாட்டு வெளியிட, அந்த நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. அந்த வாரம் ப்ளர் 2,74,000, ஒயாசிஸ் 2,16,000 என்று விற்பனைக் கணக்கைத் தொலைக்காட்சிச் செய்தியில் வாசித்தார்கள். ஜெயித்தது ப்ளர். ஆனால் கடல் தாண்டியதும் கணக்கு தலைகீழானது. 'வொண்டர்வால்' பாட்டோடு அமெரிக்காவில் பெரிய குழுவானது ஒயாசிஸ்தான். அதற்கு ஏழு ஆண்டு கழித்து அவர்கள் நாட்டு வானொலியே உலகத்தைக் கேட்டபோது இரண்டு குழுவுமே முதல் பத்தில் இல்லை. பத்தாவது இடத்தில் நின்ற குயீன் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி சான்சிபாரில் பிறந்து பஞ்ச்கனியில் படித்த பார்சிப் பிள்ளை. ராக்கம்மா பாட்டு இடம்பெற்ற 'தளபதி' வெளிவந்து மூன்று வாரம்கூட ஆகாத நேரத்தில், 1991 நவம்பர் 24 அன்று, அவர் இறந்துபோனார்.

பாகிஸ்தான் கதை நம் கதைக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது. ஜுனைத் ஜம்ஷெத் பாட, ரொஹைல் ஹயாத் கீபோர்டு வாசிக்க, 'தில் தில் பாகிஸ்தான்' 1987இல் வெளிவந்தது. அந்தக் குழுவிலிருந்து பிரிந்த கிட்டார் கலைஞர் சல்மான் அகமது 1990இல் தொடங்கியது ஜுனூன். தொண்ணூறுகள் முழுக்க இரண்டுக்கும் போட்டி. பாகிஸ்தானில் வைட்டல் சைன்ஸ் பாட்டு இரண்டாவது தேசிய கீதம் போலவே ஆகிவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் அவர்களைத் தெரிந்தவர்கள் குறைவு. இங்கே ஜுனூன்தான். செஞ்சியில் கேபிள் டிவி வந்த புதிதில் சேனல் வி-யில் நீண்ட முடியோடு கிட்டார் வாசித்துக்கொண்டு 'சயோனி' பாடியவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஒரு சொல் புரியாது, ஆனால் அந்த மெட்டை வாரக்கணக்கில் முனகியபடி திரிந்தோம். 1998இல் அவர்கள் இந்தியாவுக்கு வந்து பாடினார்கள். அந்த ஆண்டே சொந்த நாட்டுத் தொலைக்காட்சியில் அவர்களுக்குத் தடை. உலக ஓட்டெடுப்பில் மூன்றாவது இடம் வைட்டல் சைன்ஸுக்குப் போனது. ஜுனூனை ரசித்த இந்தியனுக்கு ஓட்டுப் போட வந்தே மாதரம் இருந்தது. பிடித்த குழு வேறு, ஓட்டுப் போடும்போது கை போகும் இடம் வேறு.

எங்கள் ஊர்க் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களிடமும் இதையே காண்கிறேன். 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலவமைப்புகள் என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. அங்கிருந்து வருகிறவர்கள் ராஜகிரி மலையை அண்ணாந்து பார்த்து, சிவாஜியின் மகன் ராஜாராம் முகலாயர் முற்றுகையைத் தாங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இருந்த இடம் இதுதானே என்று கேட்கிறார்கள். ஊர்க்காரரிடம் கேட்டால் தேசிங்கு ராஜா கோட்டை என்பார். தேசிங்கு முழுதாக ஓர் ஆண்டுகூட ஆளவில்லை. 1714 அக்டோபரில் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதிச் செத்தார். ஜெயித்த நவாபுக்கு இங்கே ஒரு பாட்டும் கிடையாது. தோற்ற வாலிபனுக்கும், கல்யாணத்தைப் பாதியில் விட்டு ஓடிவந்து கூடச் செத்த முகமதிய நண்பனுக்கும் முந்நூறு வருஷமாகக் கதைப்பாடல் இருக்கிறது. ஒரே கல், ஒரே மலை. பார்க்கிறவர் எங்கிருந்து வந்தார் என்பதைப் பொறுத்து நாயகன் மாறுகிறான்.

ராக்கம்மாவுக்குத் திரும்புகிறேன். பட்டியலில் முதல் மூன்றும் தேசப் பாட்டுகள். நாலாவதாக நிற்பது கையைத் தட்டி ஆடும் ஆட்டப் பாட்டு. தமிழர்களுக்குத் தமிழ்த்தாய் வாழ்த்து இருக்கிறது, பாரதி இருக்கிறார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏன் இதற்கு?

1991 நவம்பர் 5, தீபாவளி. அன்று 'தளபதி'யும் 'குணா'வும் சேர்ந்தே வந்தன, இரண்டுக்கும் இசை இளையராஜா. மணிரத்னமும் அவரும் சேர்ந்த கடைசிப் படம் 'தளபதி'. அடுத்த ஆகஸ்டில் ரகுமான் இசையில் 'ரோஜா' வந்துவிட்டது. ஆக, ராஜா, ரகுமான் சண்டைக்கு வாசற்படியில் நிற்கும் பாட்டு இது. வாலி எழுதி, எஸ்.பி.பி.யும் ஸ்வர்ணலதாவும் பாடியது.

அந்தப் பாட்டை இந்தமுறை மைக் செட் வைத்திருக்கும் நண்பரின் கூம்பு ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கேட்டேன். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் தீமிதிக்கும், கூத்து தொடங்கும் முன்னும், மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்துக்கும் இந்தப் பாட்டு அப்படித்தான் காதில் விழுந்தது. கூம்பு ஸ்பீக்கர் அடித்தொனியைத் தின்றுவிடும். மேல் சத்தம் மட்டும் வெட்டிக்கொண்டு வரும். அதில் அந்தத் தொடக்க வயலின்கள் வயலைத் தாண்டி அடுத்த ஊர்வரை போயின. பிறகு தாளம் விழுகிறது. எஸ்.பி.பி.யின் குரலில் அந்தக் குறும்பு. இடையிசையில் ராஜா மேற்கத்திய வயலின் கூட்டத்தை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஓடவிடுகிறார். ஒரு குப்பத்து ஆட்டத்துக்கு நடுவே இப்படி ஒரு வாத்தியப் படை ஏன் என்று கேட்கத் தோன்றுவதே இல்லை, அவ்வளவு இயல்பாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்புறம் ஆட்டம் நிற்கிறது. தில்லை நடராசரைப் பற்றி அப்பர் பாடிய தேவாரம் பெண் குரலில் எழுகிறது. திரையில் ஷோபனாவும் மற்றவர்களும் பாடுகிறார்கள். பாட்டு முடிவதற்குள் பழையபடி கொட்டு கிளம்பிவிடும்.

நண்பர் ஆம்ப்ளிபயரின் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சொன்னார்: "இது ஒரு பாட்டுலயே தெருவும் இருக்கு, கோயிலும் இருக்குங்க. கல்யாணத்துக்கும் போடலாம், திருவிழாவுக்கும் போடலாம். யாரும் நிறுத்தச் சொன்னதில்ல."

வெளிநாட்டில் ஒரு வாடகை மண்டபத்தில், ஊரில் உள்ள எல்லாவற்றையும் ஒரே மாலையில் பார்த்துவிட வேண்டும் என்று கூடியிருக்கும் தமிழர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு கிடைத்திருக்காது என்றே நம்புகிறேன். ரகுமானைக் குறைத்துச் சொல்ல இது ஆதாரமாகாது. அவர் பாட்டு வேறு பாதைகளில் பயணப்பட்டது. 1998இல் ஜப்பானியர்கள் அவர் இசையமைத்த 'முத்து' படத்தை டோக்கியோ தியேட்டரில் மாதக்கணக்கில் பார்த்தார்கள். ஓட்டெடுப்பு நடந்த 2002இலேயே லண்டன் மேடையில் 'பாம்பே ட்ரீம்ஸ்' நாடகம் 'சைய்ய சைய்யா'வோடு ஓடிக்கொண்டிருந்தது. ரகுமானை மொழி தெரியாதவர்கள் தேடி வந்தார்கள். ராக்கம்மாவை அந்த மொழிக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இனி ஐந்தாவது இடம். 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது', பாடியவர் திருமலைச் சந்திரன். பெயரிலேயே திருகோணமலை இருக்கிறது. டீக்கடையில் நாலாவது இடத்தைச் சொல்லும் ஒருவர்கூட இந்த ஐந்தாவதைச் சொல்லி நான் கேட்டதில்லை. உலகத்தின் முதல் பத்துப் பாட்டில் இரண்டு தமிழ்ப் பாட்டு, அதுவும் அடுத்தடுத்த இடத்தில்! இதை எப்படி மறந்தோம்?

எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலேயே மரக்காணம் பக்கம் கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கிருந்து செஞ்சிப் பக்கம் பெயின்ட் வேலைக்கு வரும் ஒருவரை அறிமுகம் செய்துவைத்தார்கள். திருகோணமலைக்காரர், 1990இல் படகில் வந்தவர். பாட்டின் பெயரைச் சொன்னதும் கையிலிருந்த பிரஷை டப்பாவின் மேல் வைத்துவிட்டார்.

"ஓம், தெரியும். எங்கட சனம் நடந்த நடைதான் அது" என்றார். 1995 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து லட்சக்கணக்கானவர்கள் மழையில் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். அவருடைய அக்கா குடும்பம் அதில் இருந்தது. கைக்குழந்தையும் சைக்கிளும் மட்டும். அக்கா மகன் பிறகு டொரோண்டோ போய்ச் சேர்ந்திருக்கிறான். ஓட்டெடுப்பு நடந்த 2002, பிப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தான ஆண்டு. ஏ-9 பாதை திறந்து, வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் ஊரைப் பார்க்க வந்துகொண்டிருந்த நேரம்.

"ராக்கம்மாவும் கேப்பீங்களா?" என்று கேட்டேன்.

"அது இல்லாம எங்கட கலியாண வீடு நடக்குமே, அண்ணை?"

நாலாவது இடத்துக்கும் ஐந்தாவது இடத்துக்கும் ஓட்டுப் போட்டவர்கள் பெரும்பாலும் ஒரே மக்கள் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். ராஜா பெரியவரா, ரகுமான் பெரியவரா என்று அவர்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. ஊரை விட்டு நடந்த நடைக்கு ஒரு பாட்டையும், ஊரில் ஆடிய ஆட்டத்துக்கு ஒரு பாட்டையும் உலகத்திடம் பெயர் சொல்லிப் பதிவு செய்தார்கள். ஆகவே கூட்டு ரோட்டில் யாராவது நாலாவது இடத்தைப் பற்றி ஆரம்பித்தால், ஐந்தாவதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை. சிலர் செல்போனில் தேடி அங்கேயே போட்டுக் கேட்கிறார்கள். ரெக்கார்டிங் கடைக்காரர் தன் பேரனை விட்டு இரண்டு பாட்டையும் ஒரே பென் டிரைவில் ஏற்றி, அந்தப் பெயின்டரிடம் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்திருக்கிறார்.