கோடாலி வெட்டும் பன்றிக் குழியும்

பறக்கும் தட்டைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் மரத்தில் விழுந்த கோடாலி வெட்டைப் பற்றிச் சொல்லலாம். வனத்துறையில் 31 வருஷம் குப்பை கொட்டியவன்.

பேரன் காட்டிய வீடியோவில்தான் ரெண்டில்ஷாம் காட்டைத் தெரியும். பிறகு நானே தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் சஃபோக் பக்கம் இருக்கிறது. 1980 டிசம்பர் 26 விடியற்காலையில், பக்கத்து விமானத் தளத்து அமெரிக்கப் படையினர் மரங்களுக்கு நடுவே வெளிச்சத்தைப் பார்த்தார்கள். விடிந்ததும் தரையில் மூன்று பள்ளங்கள். ஏதோ இறங்கியிருக்கிறது என்று பேச்சு கிளம்பியது. ஓரிரு நாளில் தளத்தின் துணைத் தளபதி சார்லஸ் ஹால்ட், ஆட்களோடும் டேப் ரெக்கார்டரோடும் ராத்திரியில் போனார். பள்ளம் 1½ அங்குல ஆழம், 7 அங்குல அகலம். சுற்றி நின்ற மரங்களில் பட்டை போன காயம். கதிர்வீச்சுக் கருவியின் முள்ளும் லேசாக அசைந்தது. எல்லாம் பதிவாகியிருக்கிறது.

இயன் ரிட்பாத் என்ற வானியல் எழுத்தாளர் 1983-ல் அங்கே போய் விசாரித்தார். அவருக்கு வழி காட்டியவர் அந்தக் காட்டிலேயே வேலை பார்த்த ஒருவர். மரக்காயமா? வெட்டவேண்டிய மரம் என்று தெரிய நாங்களே கோடாலியால் சீவிய அடையாளம் என்றார். பள்ளம் முயல் பறித்தது. அந்த வெளிச்சம்? ஐந்து மைல் தள்ளி, ஆர்ஃபோர்ட்னஸ் கலங்கரை விளக்கம். அப்போது ஐந்து விநாடிக்கு ஒருமுறை மின்னிக்கொண்டிருந்தது. முதல் நாளே வந்த உள்ளூர் போலீஸாருக்கும் அந்த விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் தெரியவில்லை. கருவியோ, பெரிய அளவில் கதிர்வீச்சு இருந்தால் அளக்கும் ரகம். அதில் அடிக்கோட்டில் முள் ஆடுவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஹால்ட் இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அங்குலக் கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். நானும் அப்படி ஒருமுறை அளந்தவன்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் சரகத்தில் இரண்டு சந்தன மரங்கள் களவு போயிருந்தன. மறுநாள் ரோந்தில், இன்னொரு சந்தன மரத்தடியில் புதுக் குழிகள். வேருக்காகத் தோண்டியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். டேப் வைத்து நீளம், அகலம், ஆழம் எடுத்து நோட்டில் எழுதினேன். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரைக் கூட்டிவந்து ராத்திரி முழுக்க ஆபீஸ் திண்ணையில் உட்கார வைத்தேன். தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

லீவில் போயிருந்த பழைய வாட்சர் காலையில் வந்து, குழியைப் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: "சார், இது பன்னி கிண்டினது. ஓரத்துல குளம்பு பதிஞ்சிருக்கு பாருங்க."

இருந்தது. என் நோட்டில் அது மட்டும் இல்லை.

மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அந்தக் காலத்து யூனிஃபார்முக்கு இல்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அங்கிருந்து எனக்கு மாற்றல் வரும்வரை, என் சைக்கிளைக் கண்டாலே அவர் ஆடுகளை வேறு பக்கம் திருப்பி ஓட்டிவிடுவார்.