ஒட்டுதலும் விடுதலும்

கல்லூரி அன்னைக்கு விழாவெடுக்கும் காலத்தில், பழைய மாணவராகிய நாம் கட்டடம் எழுப்புவது பற்றியும் பரிசில் நிறுவுவது பற்றியும் பேசுதல் வழக்கம். அவை வேண்டுவனவே. ஆயின் இத்தகைய விழாக்களை ஒட்டி வேறொரு பணியும் தொடங்கப்படுவதுண்டு. நூலகத்தைச் செப்பனிடுவோம் என்று அன்பர் சிலர் முன்வருவர். பளபளக்கும் வைனில் ஒட்டுச்சீட்டுகளில் எண்ணும் பெயரும் அச்சிட்டு, 'அன்பளிப்பு' என்ற சொல்லையும் சேர்த்து, நூல்களிலெல்லாம் ஒட்டிவிடுவர். ஒரு பிற்பகலுக்குள் பழைய அலுமாரி புதுக்கோலம் பூண்டு நிற்கும். அன்பினாற் செய்யப்படும் இப்பணியைக் குறைகூற யாம் வந்தோமில்லை. எதனை எதன்மேல் ஒட்டலாம், எதன்மேல் ஒட்டலாகாது என்பது பற்றிச் சில சொல்லவே எழுதுகின்றோம்.

தமிழாசிரியருக்குப் பசையோடு என்ன தொடர்பு என்று நண்பர் நகைக்கக்கூடும். ஆசிரியர் கலாசாலையிற் பயின்ற காலத்தில், இலக்கணத்தோடு மட்டை வெட்டவும் படம் ஒட்டவும் யாம் கற்றோம். பின்னர் முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள கொக்கிளாயிலே எமது பணி அமைந்தது. ஒருபுறம் கடல், மறுபுறம் 1951 ஆம் ஆண்டிற் பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட களப்பு. வாடை வீசும் மாரியிலே கடதாசி ஈரத்தை உண்டு ஊதும். கச்சான் வீசும் கோடையிலே அதுவே காய்ந்து சுருங்கும். காற்றில் உப்பு எப்போதும் உண்டு. பிற இடங்களில் மெல்ல வரும் கேடு இங்கு விரைந்து வருதலின், பசையின் குணமும் குற்றமும் எமக்கு நாளாந்தப் பாடமாயின.

பசையை இருவகையாகக் கொள்ளலாம். ஒன்று காய்ந்து பிடிப்பது. மற்றொன்று காயாமலே பிடிப்பது. கோதுமை மாவிற் காய்ச்சும் பசை முதல்வகை. நீர் வற்றியதும் அது இறுகும். பின்னொருநாள் நனைத்த ஒற்றுத்தாளைச் சிறிதுநேரம் மேலே வைத்தால் இளகிக் கொடுக்கும். ஈரத்தாற் பிடித்தது ஈரத்தால் விடும் என்க. ஸ்ரிக்கரின் பின்புறத்துப் பசையோ இரண்டாம்வகை. அமெரிக்கரான றிச்சர்ட் ட்றூ 1930 இல் ஒளிபுகும் ஒட்டுநாடாவையும், ஸ்ரான்ரன் ஏவரி 1935 இல் தானே ஒட்டும் சீட்டையும் உலகுக்குத் தந்தனர். அழுத்திய அளவிலே பிடித்துக்கொள்ளும் இப்பசை முற்றாக உலர்வதில்லை. தடித்த பாகு போலவே இருந்து, வெப்பத்தில் இளகி, நாட்செல்லச் செல்லக் கடதாசியின் நார்களுக்குள் ஊறும். றப்பர் சேர்ந்த பசையாயின் முதலில் மஞ்சளாகிப் பின்னர்க் கபில நிறக் கறையாகும். சீட்டு உதிர்ந்த பின்னும் அக்கறை உதிர்வதில்லை. அக்கிரிலிக் பசையின் நிறம் அத்துணை மாறாது. எனினும் அதன் பிடி பெரும்பாலும் காலத்தோடு வலுக்குமேயன்றித் தளராது.

வைனில் என்னும் பிளாஸ்ரிக் இயல்பில் விறைப்பானது. அதனை மென்மையாக்குதற்கு எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலப்பர். அப்பொருள் மெல்லக் கசிந்து, அடுத்துள்ள மையையும் அச்செழுத்தையும் இளக்க வல்லது. இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. கடதாசி ஈரத்தை உண்ணும், வைனில் உண்ணாது. கீழுள்ள தாள் மாரியில் விரிந்து கோடையிற் சுருங்க, மேலுள்ள சீட்டு அசையாது நிற்கும். இருவேறு இயல்பினரை ஒரே கயிற்றிற் கட்டியது போன்ற இழுபறியால் தாள் நெளியும். சீட்டின் விளிம்பு சுருளும். மட்டையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. மட்டை என்பது பல படைகளின் சேர்க்கை. அப்படைகள் ஒன்றையொன்று பற்றும் பிடியினும் ஸ்ரிக்கரின் பிடி வலியது. ஆதலின் சீட்டை உரிக்கும்போது மட்டையின் மேற்படையும் உடன் உரிந்து வருகின்றது. மரக்கூழிற் செய்து அமிலம் ஏறிய பழந்தாளாயின் அது நொறுங்கியே போகும்.

கற்றறிந்தோரும் இவ்வகையில் இடர்ப்பட்டதுண்டு. 1947 முதலாகச் சாக்கடலின் அருகே குகைகளிற் கண்டெடுக்கப்பட்ட பழஞ்சுருள்களின் துணுக்குகளை, 1950 களில் ஆய்வறிஞர்கள் ஒட்டுநாடாவினால் இணைத்தனர். இரண்டாயிரம் ஆண்டு உலர்ந்த குகையிற் பிழைத்திருந்த எழுத்து, அந்நாடாவின் பசையினாற் சில பதிற்றாண்டுகளிற் கருகத் தொடங்கிற்று. அதனை அகற்றும் பணியில் 1991 முதலாகப் பாதுகாப்பு வல்லுநர் மிகுந்த பொறுமையோடு ஈடுபட்டு வந்துள்ளனர்.

நிற்க. கடதாசிக்கு இத்துணைக் கவலையோ என்று வினவுவார்க்குக் கொக்கிளாயே விடை கூறும். 1984 டிசெம்பரில் கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய் முதலிய ஊர்களின் மக்கள் தம் வீடுவாசல்களினின்றும் வெளியேற்றப்பட்டனர். 2009 இற் போர் ஓய்ந்த பின்னரே அவர்கள் மீளும் வழி பிறந்தது. அந்தக் கால் நூற்றாண்டு அலைச்சலிலே காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் பொலித்தீன் உறைகளிற் கிடந்து நைந்தன. பலருக்கு அவைதாமும் எஞ்சவில்லை. காலங்கடந்து பிறப்பைப் பதிய வேண்டுவோர்க்குப் பள்ளிக்கூடத்துச் சேர்வு இடாப்பின் ஒரு வரி பெருந்துணை.

இக்கரையோரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் பழைய இடாப்பொன்று, இடம்பெயர்ந்த ஆசிரியர் ஒருவரின் துணிமூட்டைக்குள் இருந்து தப்பியது. பின்னொருகால் அதனைப் பொறுப்பேற்ற அலுவலகமொன்றில், ஆண்டுகளை எளிதிற் கண்டுகொள்ளப் பக்கங்களின் ஓரத்தில் வண்ண வைனில் சீட்டுகளை ஒட்டினர். எண்ணம் நல்லதே. ஆண்டுகள் சில கழியப் புதுச்சீட்டு ஒட்டுவான்வேண்டிப் பழையதை உரித்தபோது, தாளின் மேற்றோலும் உடன்வந்தது. அவ்விடாப்பை யாம் பார்த்த நாளில், தம் பிறப்பைப் பதிவதற்கு அலைந்த தாயொருவரும் அங்கிருந்தார். அவருடைய பெயர் இருந்தது. நாளும் மாதமும் இருந்தன. ஆண்டு இருந்த இடத்தில் வெளிறிய நார் மட்டுமே இருந்தது. "சேர், நான் பிறந்த வருசத்தை அந்த ஒட்டுக்கடதாசி கொண்டுபோச்சுதோ?" என்று அவர் மெல்லக் கேட்டார். யாம் விடையிறுக்க இயலாது நின்றோம். மழைக்கும் எறிகணைக்கும் தப்பிய மை ஒரு சிறு சீட்டுக்குத் தப்பவில்லை. சத்தியக் கடதாசிக்கும் சாட்சிக்குமாக அவர் பின்னும் பலநாள் நடந்தார்.

இதனால், சீட்டே வேண்டா என்பது எமது கருத்தன்று. எண்ணில்லாத நூல் இருந்தும் இல்லாததே. நூல்கள் பூட்டி வைத்தற்கன்றிப் பயன்படுதற்கே உரியன என்பதைத் தம் நூலகக் கொள்கையின் முதலாகக் கொண்டவர், சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். அவருடைய கொள்கைக்கு யாமும் உடன்பட்டவரே. எண்ணை எங்கே வைப்பது என்பதே வினா. நம் முன்னோரின் ஏட்டுச் சுவடியைப் பாருங்கள். துளையும் கயிறும் சட்டமுமே அதன் கட்டு. பசைக்கு அங்கே இடமேயில்லை. வேண்டும்போது அவிழ்க்கலாம், மீண்டும் கட்டலாம். அவிழ்த்தலால் ஏட்டுக்கு ஊறில்லை. இந்நெறியையே நாமும் கைக்கொள்ளலாம்.

வைனில் சீட்டுக்கு உரிய இடங்கள் உள: அலுமாரியின் இரும்புக் கதவு, கண்ணாடி, பிளாஸ்ரிக் பெட்டி. புதுநூலாயின் அதற்குத் தனியே உறையிட்டு, அவ்வுறையின்மேல் ஒட்டுக; உறை கிழியினும் நூல் கிழியாது. பழைய நூலுக்கும் இடாப்புக்கும் சம்பவத் திரட்டுப் புத்தகத்துக்கும் உள்ளட்டையின் ஒரு மூலையில் மென்பென்சிலால் எண்ணிடுதலே சாலும். வெளியிலிருந்து காணவேண்டின், எண் எழுதிய தாள்நறுக்கொன்றை ஏட்டிடையே தலைநீட்டி நிற்க வைக்கலாம். அல்லது பருத்தி நாடாவாற் கட்டி, அந்நாடாவிற் சீட்டைத் தொங்கவிடலாம்.

ஒட்டியே ஆகவேண்டுமெனின் மாப்பசையும் மெல்லிய கடதாசிச் சீட்டும் கொள்க. கோதுமை மா ஒரு பங்கு, குளிர்ந்த நீர் ஐந்து பங்கு. கட்டியின்றிக் கரைத்து, சிறுநெருப்பிற் கிளறியபடி காய்ச்சினால் வெண்மை மங்கிப் பளிங்குத்தன்மை வரும். துணியில் வடித்து ஆறவிட்டு, ஓரிரு நாளிற் பயன்படுத்தி முடிக்க. பூச்சிக்கு அஞ்சி மயில்துத்தம் கலப்பது புத்தகங் கட்டுவோரின் பழைய வழக்கம். அது பூச்சியை விலக்கினும் நாளடைவில் தாளையும் கெடுக்கும். பசையை நூலிற் பூசாது சீட்டிலே மெல்லெனப் பூசி, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி, மேலே ஒற்றுத்தாளும் சிறு பாரமும் வைத்துக் காயவிடுக. எழுத்தின்மேல் எப்பசையும் படலாகாது.

முன்னரே ஒட்டிய வைனில் சீட்டுகளைக் கண்டவுடன் உரிக்கப் புகுதல் ஆகாது. மட்டை உறுதியாயிருப்பின், சிறிது வெதுவெதுப்பூட்டிச் சீட்டை அதன்மேலேயே மடித்தாற்போலத் தாழப் பிடித்து, மிக மெதுவாக இழுக்கலாம். நார் எழும்புவது கண்ணிற்பட்டால் அவ்விடத்தே நிறுத்துக. மண்ணெண்ணெய் தடவுவாரும் உளர். அது பசையைக் கரைத்து எண்ணெய்க் கறையைத் தாளினுள் ஏற்றும். அரிய ஏடாயின், வல்லவர் கை வரும்வரை சீட்டை அப்படியே விட்டுவைத்தலே அறிவு.

இளைய மாணவர்க்கு ஒரு சொல். ஒன்றை ஒட்டுமுன், 'இதனை நாளை ஊறின்றி எடுக்க முடியுமா?' என்று கேட்டுப் பழகுங்கள். எடுக்க முடியாதது நமக்கு இன்று எளிதாக இருக்கலாம். நமக்குப் பின் வருவோர்க்கு அது எளிதன்று.

விழா எடுக்கும் அன்பர்க்கு ஒரு வேண்டுகோள். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் நீறாயின. தீ கொண்டவை போக, ஆங்காங்கே வீடுகளிலும் பள்ளிகளிலும் எஞ்சியவற்றையே நாம் உடைமையாகக் கொண்டுள்ளோம். 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் பாடசாலை மலர்களையும் பழம் பத்திரிகைகளையும் படியெடுத்து உலகெங்கும் படிக்கத் தந்து வருகின்றது. நம் கல்லூரியின் பழைய இடாப்புகளுக்கும் மலர்களுக்கும் அத்தகைய படியும், அமிலமற்ற மட்டைப் பெட்டியும், கட்டுவதற்குப் பருத்தி நாடாவும் வாய்க்குமாயின், அதுவே இவ்விழாவின் நிலைத்த நற்கொடையாகும். கொடுத்தவர் பெயரைப் பெட்டியின்மேல் எவ்வளவு பெரிதாகவும் ஒட்டலாம், எமக்கு மறுப்பில்லை.

கல்லூரி அன்னை நீடு வாழ்க! அவள் ஏடுகளும் வாழ்க!