அடையாளம் அழித்த கதை

தமிழ் பயிலும் யாம் மின்கருவியிற் கைவைத்த கதையை விடுதி நண்பர்கள் இன்றும் நகைத்தே பேசுகின்றனர். சென்ற விடுமுறையிற் பௌதிக வகுப்பு நண்பரொருவருடன் கூடி, ஓலைச்சுவடிப் படங்களைச் சேமித்தற்கு ஒரு சிறு கருவி அமைக்கலானோம். அதன் நினைவகம் நேண்ட் பிளாஷ் என்னும் வகையது. தோஷிபா கம்பெனியின் பூஜியோ மசுவோக்காவும் அவர்தம் குழுவினரும் 1987-ம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தது.

இதில் எழுதுவது பக்கம் பக்கமாக. அழிப்பதோ பல பக்கங்கள் சேர்ந்த தொகுதி தொகுதியாக. தொகுதிகள் யாவும் பழுதின்றிப் பிறப்பதில்லை. 1024 தொகுதிகளில் 20 வரை பழுதாயிருப்பினும் தக்கதென விற்கப்படும் சில்லுகள் உள. ஆலையார் சோதித்து, பழுதுற்ற தொகுதியின் பக்கத்தோரத்தில் அடையாளமிட்டு அனுப்புவர். வாங்கினோர் முதற்கண் அவ்வடையாளங்களைப் படித்து, அட்டவணை வகுத்து, அத்தொகுதிகளை விலக்கியே எழுதல் வேண்டும். பின்னர்த் தேய்ந்து கெடுவனவும் அவ்வட்டவணையிற் சேரும். அவற்றிற்கு ஈடாக, முன்னரே ஒதுக்கிய நல்ல தொகுதிகள் நிற்கும்.

யாமோ, தூய்மை செய்வதாக எண்ணி, நண்பர் வருமுன்னரே சில்லு முழுவதையும் அழித்துவிட்டோம். அடையாளங்களும் உடன் அழிந்தன! பழுதுற்ற தொகுதி ஒரோவழி நல்லதுபோலவே எழுத்தை ஏற்கும். ஆதலின், இழந்த அட்டவணையைச் சோதனையால் முற்றும் மீட்டல் அரிது. இதனையும் நண்பரிடம் மறைத்தோம். படங்களை ஏற்றி மீளப் பார்க்கையில் மூன்று ஏடுகள் சிதைந்து தோன்றின. மூலப்படங்கள் வேறிடத்து இருந்தமையால் உய்ந்தோம்.

உண்மையைச் சொன்னபோது நண்பர் சினக்கவில்லை. வேறொரு சில்லைக் கொணர்ந்து எம் முன் வைத்து, "முதலிற் படியும், ஐயா" என்றார்.