கோழிக்கு வந்தது கழிச்சலா, மருந்தா?

திருவண்ணாமலைன்னா எல்லாருக்கும் மலை, கிரிவலம், ரமணாசிரமத்து மயில், இதான் ஞாபகம் வரும். ஆனா டவுனைத் தாண்டி செங்கம் ரோட்டுல கொஞ்சம் போனீங்கன்னா அது வேற உலகம். மல்லாட்டை, நெல்லு, கரும்பு. வீட்டுக்கு வீடு நாலு நாட்டுக்கோழி. அதுல ஒண்ணு செத்தா அழுகை, மொத்தமா செத்தா சண்டை. "எவனோ அரிசியில மருந்து வச்சுட்டான்"னு ஆரம்பிச்சு, பஞ்சாயத்து வரைக்கும் போய் நிக்கும்.

நான் டாக்டர் எல்லாம் இல்லீங்க. எங்க சித்தி வீட்டுல இப்படி ஒண்ணு நடந்ததால, படிச்சும் கேட்டும் தெரிஞ்சுக்கிட்டதை இங்க எழுதி வைக்கிறேன்.

முதல்ல ஒரு குழப்பத்தைச் சொல்லிடறேன். கோழிக்கு வர்ற வெள்ளைக்கழிச்சலும் மூளையையும் குடலையும்தான் தாக்கும். பூச்சிமருந்தும் அதே ரெண்டு இடத்துலதான் அடிக்கும். ரெண்டுலயும் கோழி தள்ளாடும், கழியும், விழுந்து துடிக்கும். பாக்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. அதனாலதான் கழிச்சல்ல செத்ததுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் மாட்டுறான், மருந்துல செத்ததை "சீக்கு"ன்னு குழம்பு வச்சுடறாங்க. ரெண்டுமே ஆபத்து.

வெள்ளைக்கழிச்சலுக்கு ராணிக்கேட் நோய்னு இன்னொரு பேரு. வடக்கே உத்தராகண்ட்ல இருக்கிற ஊரு அது. 1927-ல இந்தியாவுல முதல்ல அங்கதான் கண்டுபிடிச்சாங்களாம். அதுக்குத் தடுப்பு மருந்து தயாராகிறது நம்ம பக்கத்து ராணிப்பேட்டையில, 1932-ல ஆரம்பிச்ச கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்துல. ராணிக்கேட்டுக்கு ராணிப்பேட்டை, நல்ல பொருத்தம் :-)

சரி, மருந்து எப்படிக் கொல்லுது? வயல்ல அடிக்கிற மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் எல்லாம் ஆர்கனோ பாஸ்பரஸ் வகை. நரம்புக்கு நரம்பு சேதி சொல்ல அசிட்டைல்கோலின்னு ஒரு பொருள் இருக்கு. சேதி போய்ச் சேர்ந்ததும் அதைத் துடைச்சுப் போட ஒரு நொதி இருக்கு. மருந்து அந்த நொதியைக் கட்டிப்போட்டுடும். ஒருத்தர் அழுத்துன காலிங்பெல் ஒட்டிக்கிட்டு நிக்காம அடிச்சா எப்படி இருக்கும்? அதான் நடக்குது. மூளையில அடிச்சா நடுக்கம், வலிப்பு, கடைசியில மூச்சு நின்னுடும். குடல்ல அடிச்சா குடல் முறுக்கிக்கிட்டுத் தண்ணியாக் கழியும், அலகுல எச்சில் ஒழுகும். இந்த விஷத்தை உடைக்கிற ஒருவகை நொதி பாலூட்டிகளைவிடப் பறவைகளுக்கு ரொம்பக் கம்மி. அதனால மாடு தாங்குற அளவைக் கோழி தாங்காது. மயிலும் அப்படித்தான்.

சித்தி வீட்டுக்கு வருவோம். ஒரு ஆடி மாசம், மல்லாட்டை விதைப்பு முடிஞ்ச மறுநாள். காலையில மேயப்போன பதினோரு கோழியில எட்டு, மதியத்துக்குள்ள செத்துப்போச்சு. ஏற்கனவே நாத்தங்காலைக் கோழி கிளறுதுன்னு பக்கத்து வீட்டு அண்ணனோட வாய்த்தகராறு. கேக்கணுமா? "வேணும்னே மருந்து வச்சுட்டான் பாவி"ன்னு சித்தி தெருவுல நின்னு மண்ணை வாரித் தூத்துச்சு. அவரு பதிலுக்குக் கத்துனாரு. சித்தப்பா போலீசுக்குக் கிளம்பிட்டாரு.

நல்லவேளையா யாரோ மாட்டு டாக்டரைக் கூட்டிட்டு வந்தாங்க. அவர் ஒரு கோழியை அறுத்துப் பாத்தாரு. கழிச்சலா இருந்தா இரைப்பையோட உள்பக்கம் ரத்தப்புள்ளி இருக்கலாமாம், இதுல இல்லை. கழுத்தடித் தீனிப்பையைக் கீறினதும் குப்புன்னு மருந்து நாத்தம். உள்ள முழுக்க மல்லாட்டைப் பருப்பு! வெண்புழுவுக்காக விதை நேர்த்தி பண்ணின விதை. மூட்டையிலிருந்து வரப்புல சிந்தினதை யாரும் மண்ணுல புதைக்கலை.

"கழிச்சல்னா நாளுக்கு ஒண்ணு ரெண்டுன்னு பரவும்மா. இப்படி ஒரே மேய்ச்சல்ல மொத்தமா விழாது"ன்னு சொல்லிட்டு, உசிரோட இருந்த மூணுக்கும் அட்ரோபின் ஊசி போட்டாரு. ரெண்டு பொழைச்சுது. ரெண்டு வாரம் கழிச்சு அதுல ஒண்ணு காலை இழுத்துக்கிட்டு நடக்க ஆரம்பிச்சுது. இந்த வகை மருந்துல சிலது இப்படி மெதுவாவும் நரம்பைக் கெடுக்குமாம். 1930-ல அமெரிக்காவுல கலப்படம் பண்ணின இஞ்சிச் சாறு குடிச்சு ஆயிரக்கணக்கான பேருக்குக் கால் விழுந்துபோச்சு. அந்தக் கலப்படமும் ஒரு ஆர்கனோ பாஸ்பேட்தான். அதுக்கப்புறம் இப்படிப்பட்ட ரசாயனம் நரம்பைப் பாதிக்குமான்னு சோதிக்க உலகம் பூரா பயன்படுத்துறது எதைத் தெரியுமா? பெட்டைக்கோழியைத்தான்!

பக்கத்து வீட்டு அண்ணன் மருந்து வைக்கலை. ஆனா அவரு மருந்துதான் கொன்னுச்சு. கேஸ் போட முடியாது, மன்னிக்கவும் மனசு வரலை. ரெண்டு வீடும் ஒரு வருஷம் பேசிக்கலை. அடுத்த ஆடியில அவரே வேலியோரம் நின்னு, "நாளைக்கு விதைக்கிறேன், கோழியை அடைச்சு வைங்க"ன்னு பொதுவா யாருக்கோ சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போனாரு. சித்தி பதில் சொல்லலை. ஆனா கோழியைக் கூடையில கவுத்துட்டுது.

அரசாங்கமும் தடை போடாம இல்லை. டிரையசோபாஸ், போரேட் எல்லாம் 2020 கடைசியோட நின்னுச்சு. மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதக் கரைசலுக்கு 2023-ல தடை வந்துச்சு. குளோர்பைரிபாஸை ஒழிக்கணும்னு 2025-ல ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில, சில விதிவிலக்குகளோட, சேத்துட்டாங்க. ஆனா வரப்புல சிந்தின விதைக்கு எந்தச் சட்டமும் காவல் நிக்காது.

கோழி வளக்கிறவங்களுக்கு நாலு விஷயம்:

விதைப்பு நேரத்துலயும் மருந்து அடிக்கும்போதும் கோழியை அடைச்சு வைங்க.

திடீர்னு செத்த கோழியைச் சாப்பிடாதீங்க, நாய்க்கும் போடாதீங்க. ஆழமாப் புதைங்க.

சந்தேகம்னா செத்த கோழியை ஐஸ்ல வச்சு கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. மூளையில அந்த நொதி பாதிக்கு மேல குறைஞ்சிருந்தா மருந்துதான் காரணம்னு லேப்ல சொல்லிடுவாங்க.

கழிச்சலுக்குத் தடுப்பூசி முகாம் வழக்கமா பிப்ரவரி மாசம் நடக்கும், விட்டுடாதீங்க. ஊசி போட்ட கோழி செத்தா, கழிச்சல்ங்கிற சந்தேகமாவது குறையும்.

விவசாயம் பண்றவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. சிந்தின விதையைக் கால்ல தள்ளி மண்ணை மூடுங்க. கோழியோட போகாது. அண்ணாமலை அடிவாரத்து மயிலும் இதே வரப்புலதான் மேயுது. அது செத்தா வனத்துறை கேஸ் வேற!